ஒடியாவில் நாலு சொல்

சோமனூர் சென்னிமலை பத்து வருஷத்துக்கு மேலாக ஒடிசாப் பையன்களை வைத்துத்தான் தறி ஓட்டுகிறார். அவர்கள் பாஷையில் அவருக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று: கெபே. 'எப்போது' என்று அர்த்தம். அதையும் அவராகக் கற்றுக்கொள்ளவில்லை, காதில் விழுந்து விழுந்து ஒட்டிக்கொண்டதுதான். கரண்ட் போனால் பையன்கள் தறிக்குடோன் வாசலில் வந்து நின்று "கரண்ட் கெபே?" என்பார்கள். டீக்கு நேரமானால் "டீ கெபே?" தீபாவளி நெருங்கினால் "லீவு கெபே?" அவர் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டுப் போவார். அவர்களும் எப்படியோ புரிந்துகொள்வார்கள். முதலாளியாக இருப்பதில் இது ஒரு சௌகரியம். அடுத்தவர் பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டிய தலையெழுத்து எப்போதும் சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான்.

அந்தத் தலையெழுத்து சென்னிமலைக்கு ஐம்பத்திரண்டு வயதில் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை தறிக்கு விடுமுறை. சுதாம் என்கிற பையன் சாயங்காலம் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பைபாஸ் ரோட்டைக் குறுக்கே கடந்திருக்கிறான். லாரி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. நிறுத்தாமல் பேசுகிற பையன், தறிச் சத்தத்தையும் மீறிப் பாடுகிற பையன். கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். "ஆமாங்க, எங்க பையன்தானுங்க" என்றார் சென்னிமலை. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றார். அழுகை வரும் என்று பார்த்தார், வரவில்லை. பயமும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டபின் உதட்டைத் தொட்டால் யாருடைய உதட்டையோ தொடுவது போல இருக்குமே, உள்ளே எல்லாம் அப்படி மரத்துக் கிடந்தது.

திங்கட்கிழமை விடிந்து வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி மயிலாத்தாள் டீயைக் கையில் கொடுத்தாள். குடித்து முடித்த பிறகு அவளே டம்ளரைப் பார்த்துவிட்டு, "அய்யோ, சக்கரையே போடலீங்களே" என்றாள். அவருக்குத் தெரியவில்லை.

"அவுங்க ஊட்டுக்குச் சொல்லியாச்சுங்களா?"

"இன்னும் இல்ல."

"எடுத்த எடுப்புல போட்டு ஒடைச்சுப்போடாதீங்க. பெத்தவளுக்கு நெஞ்சு நின்னு போயிரும். கொஞ்சம் சீரியஸ்னு சொல்லி வரச் சொல்லுங்க."

மயிலாத்தாளைக் குறை சொல்ல முடியாது. கொங்கு நாட்டில் யாரும் போனில் சாவதில்லை, எல்லாரும் கொஞ்சம் சீரியஸ் ஆகிறார்கள். "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ்ங்க, கெளம்பி வாங்க" என்று போன் வந்தால் அந்த வீட்டுப் பெண்கள் பீரோவைத் திறந்து சுமாரான சேலையாகப் பார்த்து எடுப்பார்கள். பத்து நிமிஷம் கழித்து அந்த வீட்டு ஆம்பளை ஒருத்தர் திரும்பக் கூப்பிட்டு, "எத்தன மணிக்குங்க எடுக்கறாங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். சொன்னவருக்கும் பொய் என்று தெரியும், கேட்டவருக்கும் பொய் என்று தெரியும். அப்படியிருந்தும் அந்தப் பொய்யைச் சொல்லாவிட்டால் மரியாதை தெரியாதவன் என்று வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

சென்னிமலையே அதன் பலனை அனுபவித்தவர். இளவட்டமாகப் பெருந்துறையில் ஒரு மில்லில் வேலை பார்த்தபோது, அப்பாவுக்கு சீரியஸ் என்று சித்தப்பா போன் செய்தார். பஸ் ஏறினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதார், அவிநாசி தாண்டுவதற்குள் அழுது முடித்திருந்தார். வீட்டு வாசலில் பெஞ்சு போட்டிருப்பதைப் பார்த்தபோது கால் தடுமாறவில்லை. அந்த ஒண்ணரை மணி நேரப் பஸ் பயணம் சித்தப்பா தனக்குச் செய்த உபகாரம் என்று இன்றைக்கும் நினைக்கிறவர். அதே உபகாரத்தை சுதாமின் அம்மாவுக்கும் செய்வோம் என்று நினைத்தார். மனுஷன் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். மடத்தனம் பாதி நேரம் நல்ல எண்ணத்தைத்தான் துணைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறது.

பேசுவதற்கு வனமாலியைக் கூப்பிட்டார். பனமாளி என்பதுதான் அவன் பெயர். சோமனூர் வாய்க்கு அது ஒத்துவராமல் வனமாலி ஆகிவிட்டான். சுதாமின் ஊர்க்காரன், அவனைக் கூட்டிவந்து தறியில் சேர்த்தவன். ஒன்பது வருஷத்தில் நம் ஆட்களைவிட அதிகமாக 'ங்க' போடக் கற்றுக்கொண்டிருந்தான். முதலாளி சொன்னதைக் கேட்டு ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தான்.

"நெசத்தையே சொல்லீரலாமுங்களே. பாடிய ஆம்புலன்ஸ்ல ஊருக்கு எடுத்துட்டுப் போயிரலாமுங்க."

"அதெல்லாம் அப்பறம் அவுங்க ஆம்பளைக கூப்புட்டுக் கேப்பாங்க கண்ணு. அப்பப் பேசிக்கலாம். இப்ப நீயி சீரியஸ்னு மட்டும் சொல்லு."

வனமாலி குடோனுக்கு வெளியே போய் நின்று போன் பேசினான். திரும்பி வந்தான். குடோனில் இருந்த மற்றப் பையன்களிடம் யாரும் ஊருக்குப் போன் செய்யக் கூடாது என்று சென்னிமலை சொல்லிவைத்தார். அன்றைக்குத் தறி ஓடவில்லை. அத்தனை தறியும் நின்ற குடோனில் உட்கார்ந்து, திரும்ப வரப்போகிற போனுக்காகக் காத்திருந்தார்.

போன் வந்தது. வனமாலி கேட்டுவிட்டு வைத்தான்.

"என்னங்கறாங்க? பாடிய எப்ப அனுப்பறீங்கன்னு கேட்டாங்களா?"

"இல்லீங்க. பொரி திங்கலாமான்னு கேட்டாங்க."

"என்னது?"

"சுதாமுக்குப் பொரின்னா உசுருங்க. ஆஸ்பத்திரில பொரி குடுக்கலாமா, டாக்டரு திட்டுவாரான்னு அம்மா கேட்டாங்க. எடுத்துக்கிட்டு ரயில் ஏறறாங்களாம்."

"யாரு ஏறறாங்க? ஆம்பளைக யாரும் இல்லியா?"

"அப்பா செத்து ரொம்ப நாளாச்சுங்க. அம்மா மட்டுந்தானுங்க."

அப்போதுதான் சென்னிமலைக்கு உறைத்தது. சீரியஸ் என்றால் அந்த அம்மாளுக்கு சீரியஸ்தான். கட்டு போட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறான், பொரி கொடுத்தால் தின்பான், அவ்வளவுதான் அவளுக்கு. பெருந்துறையிலிருந்து வருகிறவனுக்கு ஒண்ணரை மணி நேரத்துக்குப் போதுமான பொய்யை எடுத்து, ரயிலில் ஒரு முழு நாளுக்கும் மேலே வரப்போகிறவளிடம் கொடுத்துவிட்டார். அவள் அதை நிஜமென்று பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"உடனே கூப்புட்டுச் சொல்லீரு வனமாலி. நெசத்தச் சொல்லீரு."

வனமாலி போனை எடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துப் பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

"நான் சொல்ல மாட்டேனுங்க."

"ஏப்பா?"

"அவனக் கூட்டிக்கிட்டு வரும்போது அந்தம்மா என்ற கையப் புடிச்சுத்தானுங்க ஒப்படைச்சாங்க. நீங்க சொல்லச் சொன்னீங்கன்னு ஒரு பொய்யச் சொல்லீட்டேன். நெசத்தையும் என்ற வாயிலயே சொல்ல வெக்காதீங்க மொதலாளி. அது நீங்க சொல்லோணும்."

"எனக்கு உங்க பாஷை தெரியாதே கண்ணு."

"நான் சொல்லித் தாரேனுங்க."

கோபம் வந்திருக்க வேண்டிய இடம். சென்னிமலைக்கு அதுவும் வரவில்லை. சரி என்று தலையாட்டினார். சாயங்காலம் மறுபடி போன் வந்தது. அந்த ஊர்ப் பையன் ஒருவன் லீவு முடிந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குத் திரும்புகிறான், அவன் துணையோடு அவள் ரயிலேறிவிட்டாள். புதன்கிழமை காலை கோயமுத்தூர் வந்துவிடுவாள். ரயிலில் இருக்கிறவளிடம் போனில் இதைச் சொல்ல முடியாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. முன்பின் தெரியாத கூட்டத்துக்கு நடுவில், இறங்க ஒரு ஊர் இல்லாமல், அவள் என்ன செய்வாள்? இறங்கின பிறகு, ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கு முன்னால், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு நாள் கையில் இருந்தது.

பாஷை கற்கிற காரியத்தை சென்னிமலை போனில்தான் ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை காலை போலீஸ் ஸ்டேஷனில் காக்கவைத்த நேரத்தில் யூடியூப்பில் 'தமிழ் வழி ஒடியா' என்று தேடினார். ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். வணக்கம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன். என் பெயர் இன்னது. அடுத்த பாடம் பழங்களின் பெயர். அதற்கடுத்தது நிறங்கள். அவர் பழங்கள் வரைக்கும் பார்த்தார். மாம்பழத்துக்கும் வாழைப்பழத்துக்கும் அந்தப் பாஷையில் என்ன பெயர் என்று காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை. புதிதாகக் கற்க வருகிறவன் கடைக்குப் போவான், பஸ் ஏறுவான், தண்ணீர் கேட்பான் என்று பாடம் போடுகிறவர்கள் நினைக்கிறார்கள். முதல் பாடத்திலேயே சாவைச் சொல்ல ஒருவன் வருவான் என்று அவர்கள் ஏன் நினைக்கப் போகிறார்கள்? போனை அணைத்துவிட்டுக் குடோனுக்கு வந்தார்.

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பையன்கள் தாங்களாகவே ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள், சும்மா உட்கார முடியவில்லையாம். சுதாமின் தறி மட்டும் நின்றிருந்தது. வனமாலியும் சென்னிமலையும் அதன் பக்கத்தில் போய் நின்றார்கள். குடோனில் எதிரே நிற்கிறவன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கும். ஐம்பத்திரண்டு வயது மனுஷன் வாயைக் குழப்பிக்கொண்டு பாடம் படிப்பதை வேறு யாரும் கேட்டுவிடாமல் இருக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

"மொதல்ல 'மாஉசி'ன்னு கூப்புடுங்க. சின்னம்மா மாதிரிங்க. பெரிய பொம்பளைகளை அப்படித்தான் கூப்புடுவோம்."

"மாவுசி."

"பரவால்லீங்க. அப்பறம், ஆபணங்க."

"ஆபணங்க." சொல்லிவிட்டு சென்னிமலை நிமிர்ந்து பார்த்தார். "ஏப்பா, உங்க பாஷையிலயும் 'ங்க' இருக்குதா?"

"அது மரியாதைக்குத்தானுங்க வருது. உங்களோட, அப்படின்னு அர்த்தம்."

திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு ஒரு விஷயம் லேசாக இருந்தது என்றால் அது இந்த ஒரு சொல்தான். வாய் தானாகச் சொன்னது. இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"புஅ."

"புவ."

"புஅ. பையன். அப்பறம் ஆஉ. இனி, அப்படிங்கறது. கடைசில நாஹி. இல்லைன்னு அர்த்தம். மூக்குல கொஞ்சம் வரோணுங்க."

"ஆபணங்க புவ ஆவு நாகி."

"நாஹி."

"நாஹி."

அவ்வளவுதான். உங்கள் பையன் இனி இல்லை. நாலு சொல். சென்னிமலை அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஏதோ குறைகிறது போல இருந்தது.

"ஏப்பா, இப்படி மொட்டையாவா சொல்றது? முன்னால எதாச்சும் சேத்துக்கலாமா? 'மனசத் தேத்திக்குங்க', 'நம்ம கையில என்னங்க இருக்குது', அந்த மாதிரி?"

"சேக்கலாமுங்க. ஆனா அத்தன நீட்டமா உங்களால சொல்ல வராதுங்க."

உண்மைதான். தமிழில் என்றால் சென்னிமலை சாவுச் சேதியைச் சொல்லத் தொடங்கி அரை மணி நேரம் போகலாம். ராத்திரி எப்படி இருந்தான், டாக்டர் என்ன சொன்னார், விதி, நேரம், மழை, எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வந்து, கடைசியில் அந்தச் சொல்லைச் சொல்லாமலேயே எதிராளிக்குப் புரியவைத்துவிடுவார். அதில் அவர் கெட்டிக்காரர். நாலு சொல் மட்டும் தெரிந்தவனுக்கு அந்தச் சாமர்த்தியம் எதுவும் கிடையாது. பச்சைக் குழந்தை மாதிரி நேராகச் சொல்ல வேண்டியதுதான்.

மத்தியானம் முழுக்கப் படித்தார். தறியில் பாவு இழை அறுந்தால் பிணைக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் விரல் இப்படித்தான் சொன்னபேச்சுக் கேட்காமல் அடம்பிடித்தது. செய்யச் செய்ய விரலுக்கு மூளை வந்துவிட்டது. இப்போது நாக்குக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் நாக்குக்கு மட்டும்தான். நூறு தடவை சொல்லியும் சொல்லுக்குப் பின்னால் ஒன்றும் அசையவில்லை. ஆபணங்க புஅ ஆஉ நாஹி. தறி ஓடுகிற தாளத்தில் அது பொருந்திப் போயிற்று. ஒரு கட்டத்தில் தலையை ஆட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தானே கவனித்துவிட்டு நிறுத்தினார்.

சாயங்காலம் ரயிலிலிருந்து போன் வந்தது. திருப்பூர்ப் பையனின் போன். வனமாலி பேசிவிட்டுப் போனை நீட்டினான்.

"மொதலாளிகிட்டப் பேசோணுமாங்க."

சென்னிமலை வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் ரயில் ஓடுகிற சத்தம். அதற்கு மேலே ஒரு பெண் குரல், சளி பிடித்த குரல், நீளமாக எதையோ சொன்னது. ஒரு சொல்லும் புரியவில்லை. புரியாத பேச்சுக்கு இடையில் சுதாம், சுதாம் என்று பெயர் மட்டும் வந்து வந்து போயிற்று. அவள் நிறுத்தினாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

அவர் வாயில் பாடம் தயாராக இருந்தது. காலையில் தெரியாதது இப்போது தெரியும். "ஆபணங்க..." என்றார்.

"ஹா?" என்றாள் அவள். தன் பாஷையில் அவர் பேசிவிட்டார் என்ற சந்தோஷம் அந்தக் குரலில் தெரிந்தது. "ஹா? ஹா?"

அவர் போனை வனமாலியிடம் கொடுத்துவிட்டார். வனமாலி ஏதோ சொல்லி வைத்தான்.

"என்னங்க சொன்னாங்க?" சென்னிமலை கேட்டார். அவனிடம் 'ங்க' போட்டுப் பேசினது அவருக்கே தெரியவில்லை.

"என்ற பையன நீங்க ஆஸ்பத்திரில வெச்சுப் பாத்துக்கறீங்க, உங்க ஊடு நல்லாருக்கோணும், உங்க புள்ளைக நல்லாருக்கோணும்னு சொன்னாங்க."

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் ஒருத்தி, சீரியஸ்னு சொல்லுங்கன்னு சொல்லிப்போட்டேன்" என்று மூக்கைச் சிந்தினாள். அவள் அழுவதைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

புதன்கிழமை காலை கோயமுத்தூர் ஜங்ஷனில் அவரும் வனமாலியும் நின்றார்கள். வெளிச்சம் வந்துவிட்டது. துணைக்கு வந்த பையன் கம்பெனியில் அவசரம் என்று திருப்பூரிலேயே இறங்கிவிட்டு, எந்தப் பெட்டி, எந்த ஜன்னல், என்ன நிறச் சேலை என்று போனில் சொல்லியிருந்தான். டீக்காரர்கள் கத்திக்கொண்டு போனார்கள். சென்னிமலை உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் நின்று செய்வதுதான்.

ரயில் வந்து நின்றது. பச்சைச் சேலை. தலையில் முக்காடு. அவர் கிழவியை எதிர்பார்த்திருந்தார். மயிலாத்தாளை விட இளையவளாக இருந்தாள். கையில் ஒரு துணிப்பை, இன்னொரு கையில் வாய் கட்டிய பெரிய பாலித்தீன் பை, அது நிறையப் பொரி. இவ்வளவு தூரம் கூட்டத்தில் இடிபட்டும் பொரி நொறுங்காமல் இருந்தது. மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

வனமாலியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, இவர்தான் முதலாளியா என்று கேட்கிற மாதிரி, "மாலிக்?" என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். சென்னிமலை பின்னால் நகர்ந்தார்.

"மாஉசி" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஆபணங்க புஅ ஆஉ நாஹி."

நன்றாகவே சொல்லிவிட்டார். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அவள் அவர் வாயையே பார்த்தாள். பிறகு லேசாகச் சிரித்துவிட்டு வனமாலி பக்கம் திரும்பினாள். பாவம், பாஷை தெரியாத மனுஷன் எதையோ சொல்ல வந்து வேறு எதையோ சொல்லிவிட்டார், நீ சரியாகச் சொல் என்று கேட்கிற சிரிப்பு அது. வனமாலி தலையைக் குனிந்து நின்றான். அவள் அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். அவன் நிமிரவில்லை.

சென்னிமலை அலறலை எதிர்பார்த்தார். நம் பக்கத்தில் இந்நேரம் மாரில் அடித்துக்கொண்டு விழுந்திருப்பார்கள், பிடிக்க நாலு பெண்கள் ஓடி வந்திருப்பார்கள். இவளுக்குப் பிடிக்க ஆள் இல்லாததால் விழவில்லையோ என்னவோ. நின்றபடியே நின்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"கெபே?"

வனமாலி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பத்து வருஷமாகக் காதில் விழுந்த சொல். அதற்கு எத்தனையோ தடவை பதில் சொல்லியிருக்கிறார், பத்து மணிக்கு, சாயங்காலம், அடுத்த வாரம் என்று. இதைக் கேட்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சொல்வதற்கு மட்டும் படித்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஞாயித்துக்கெழமைங்க" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. வனமாலியைப் பார்த்தாள். அவன் சொல்லாமல் தப்பிக்க இனி வழியில்லை.

"ரபிபார்" என்றான்.

ரபிபார். அவள் உதடு அதைத் திரும்பச் சொன்னது. அவள் கண் வனமாலி மேலேயே இருந்தது. அவன் போன் செய்தது திங்கட்கிழமை. அவள் பொரி கொடுக்கலாமா என்று கேட்டதும் திங்கட்கிழமைதான். ரயிலேறியது, ஜன்னலோரம் உட்கார்ந்தது, முதலாளியின் வீட்டையும் பிள்ளைகளையும் வாழ்த்தியது, எல்லாம் அதற்குப் பிறகு. அவள் மனதுக்குள் ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டுவிட்டு வருவதை சென்னிமலை பார்த்துக்கொண்டு நின்றார். பார்வையை விலக்கிக்கொள்ளத்தான் நினைத்தார், கழுத்து திரும்பவில்லை.

பிறகு அவள் பேசினாள். சத்தம் போடவில்லை. சின்னக் கேள்வி மாதிரி இருந்தது.

"என்னங்கறாங்க?"

வனமாலி ரயில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சொல்லு கண்ணு. என்னங்கறாங்க?"

"ரயில்ல வரும்போது சாமிகிட்ட வேண்டிக்கிட்டே வந்தாங்களாமுங்க. அது யாருக்குப் போய்ச் சேந்துச்சுன்னு கேக்கறாங்க."

அதற்கு ஒடியாவில் என்ன பதில் என்று வனமாலியிடம் கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. தமிழிலும் அதற்குப் பதில் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மரத்துக் கிடந்த இடத்தில் அப்போதுதான் சுருக்கென்று ஒன்று குத்தியது. பல் பிடுங்கப் போட்ட மருந்து இறங்கும்போது வருகிற வலியேதான். கை இரண்டும் தானாகக் கூப்பிக்கொண்டன.

"நான்தானுங்க சொல்லச் சொன்னேன்" என்றார். "வனமாலி மேல தப்பில்லீங்க. எங்க பக்கம் அப்படித்தானுங்க சொல்லுவோம். உங்களுக்கு நல்லது செய்யறதா நெனச்சுத் தெரியாமச் செஞ்சுபோட்டேனுங்க அம்மா." பிளாட்பாரத்தில் போகிற வருகிற சனம் திரும்பிப் பார்க்க, வாய் விட்டு அழுதார்.

அவள் அவரைப் பார்த்தபடி நின்றாள். அவர் என்ன சொன்னார் என்று வனமாலியிடம் கேட்கவில்லை. அவர் துணிப்பையை எடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் அவள் தானே அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பொரிப் பையை இடுப்பில் வைத்து, பிளாட்பாரத்தை விட்டு வெளியே போகிற கூட்டத்தோடு நடக்க ஆரம்பித்தாள்.